வந்தவர் கொண்டு வந்த சரக்கு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தபோது, ஒரகடம் பக்கத்திலிருந்து வந்திருந்த சில்லறை வியாபாரி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னா தலைவர் கேப்பாரு. வெளி மாநிலத்துக்காரனுக்குக் கடை வாடகைக்கு விடக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் கடைக்கு நாலு கடை தள்ளி ராஜஸ்தான்காரர் ஒருவர் மளிகையும் இனிப்பு காரமும் சேர்த்துப் புதுக்கடை போட்டிருக்கிறார். ஆறே மாதத்தில் தன் கல்லா பாதியாகிவிட்டது என்கிறார் நம்மவர்.

அங்கேயே நின்று அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நம் ஏட்டின் ஆசிரியரும் வெகு நாளாகக் கட்டுரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்தப் பதிலையே கட்டுரையாக எழுதி அனுப்புகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரத்தில் உட்கார்ந்து, சென்னைக்குள் யார் யார் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் என்னென்ன மூட்டை வந்தது என்று பார்த்தவன் என்கிற உரிமை எனக்கு உண்டு.

சென்னையில் உள்ளூர்க்காரர் யார்?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் எல்லாம் பழைய ஊர்கள்தாம். ஆனால் நாம் பிழைக்கிற ஜார்ஜ் டவுன், 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு இடம் வாங்கிய பிறகு வந்தவர்களால் உண்டான ஊர். தெருப் பெயர்களே சாட்சி. அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர்கள் குடியிருந்த தெரு அது. நம் வாயில் அப்படி ஆயிற்று. அவர்கள் 1772இல் கட்டிய மாதா கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. பவளக்காரத் தெரு, பவளம் விற்க வந்த யூதர்களின் ஞாபகம். சௌகார்பேட்டை என்றால் சாகுகார்களின் பேட்டை. கொத்தவால் சாவடி இருந்த நிலமோ தெலுங்கு பேசும் ஆரிய வைசியர்களின் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்துக்கு உரியது.

1977இல் நான் கடைப் பையனாக வந்து சேர்ந்தபோது கொத்தவால் சாவடி அதன் முழு வீச்சில் இருந்தது. காலை நாலு மணிக்கு ஒரு சந்துக்குள் நுழைந்து மறு முனையில் வெளியே வருவதற்குள் தெலுங்கு, குஜராத்தி, உருது, மலையாளம், தென்பாண்டித் தமிழ் எல்லாம் காதில் விழும். 1996இல் காய்கறி, பழம், பூ மூன்றும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டன. பருப்பும் பலசரக்கும் பெரும்பாலும் பழைய தெருக்களிலேயே தங்கிவிட்டன.

அது போகட்டும். மளிகைக் கடைக்காரரை இன்றும் சென்னை மக்கள் என்னவென்று கூப்பிடுகிறார்கள்? "அண்ணாச்சி" என்று. அது சென்னைச் சொல்லா? நெல்லைச் சீமைச் சொல். நம் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் என்று தகப்பனார் ஊர் இல்லாத பெயர் எத்தனை தேறும்? நம் பெரியவர்கள் வந்த காலத்தில், "தெற்கத்தியான் வந்து முக்குக்கு முக்குக் கடை பிடித்துவிட்டான், கடையிலேயே படுத்துக்கொள்கிறான், விடியற்காலை அஞ்சு மணிக்கே திறந்துவிடுகிறான், இவனோடு யார் போட்டி போடுவது" என்று இங்கே இருந்தவர்கள் புலம்பியதாக என் முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரகடத்து அன்பர் அந்த ராஜஸ்தான்காரரைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தென்மாவட்டத்தார் வந்ததால்தான் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சாத்தூர்ச் சேவும் தூத்துக்குடி மக்ரூனும் சென்னையில் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கின்றன. முதலில் ஊர்க்காரர் ஊர்க்காரருக்கு விற்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ருசி பார்த்தார். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில் ஒவ்வொரு சரக்கும் இப்படித்தான் ஊருக்குள் நுழைந்திருக்கிறது.

உடுப்பியும் பர்மாவும்

உடுப்பிக்காரர்கள் கதை எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். தென் கன்னடத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் சிறுவனாக வந்து, சமையலறையில் மாவு ஆட்டிப் பிழைத்த கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டல் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் சாலையில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் டிரைவ்-இன் வந்தது. அது 2008இல் மூடப்பட்டு, அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்கா. வெல்லம் சேர்ந்த உடுப்பி சாம்பாரை முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு ஓட்டல் சாம்பார் என்றாலே அதுதான் என்று ஆயிற்று. உளுந்து மண்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும், இட்லி தோசை ஓட்டல்கள் பெருகியதால் எத்தனை லோடு உளுந்து கூடுதலாக இறங்கியது என்று.

பர்மா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அவர்கள் வெளியார் என்றும் சொல்ல முடியாது. தாய்மொழி தமிழ், நாக்கு மட்டும் ரங்கூனுக்குப் பழகியது. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பின்னர் கடைகளையும் நிறுவனங்களையும் அரசே எடுத்துக்கொண்டது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வியாபாரியாகிய நாம் அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். காலையில் கல்லாவில் இருந்த பணம் மாலையில் காகிதம். கடையும் போய், பணமும் போய், லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கப்பலாக சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் வட சென்னையின் பிற இடங்களிலும் குடியமர்ந்தார்கள். 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உண்டாயிற்று. வெளிநாட்டுச் சாமான் என்றால் அங்கேதான் என்று ஊரே போய் வாங்கியது. ஆனால் நமக்கு வேண்டியது பஜார் அல்ல, அதைச் சுற்றி மாலையில் தள்ளுவண்டிகளில் விற்ற அத்தோ.

சாப்பிடாதவர்களுக்குச் சொல்கிறேன். வேகவைத்த நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், கடலை மாவு, வெங்காயமும் பூண்டும் பொரித்தெடுத்த எண்ணெய், மேலே பேஜோ என்னும் தட்டை போன்ற ஒன்றை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள இல்லை, குடிக்க ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். விரும்புகிறவர்களுக்கு உலர்ந்த இறால் தூளும் உண்டு. பர்மிய மொழியில் இப்படிப் பிசைந்து கலந்ததற்கு அத்தோக் என்று பெயராம். நம் வாயில் அத்தோ.

இந்தப் பட்டியலை மளிகைக்காரர் கண்ணால் மறுபடி படியுங்கள். நூடுல்ஸ் ஒன்றைத் தவிர எல்லாம் நம் கடையில் உள்ளவை. வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய், கடலை மாவு, எண்ணெய். ஒரு வண்டிக்காரர் மாலை மூன்று மணி நேரத்தில் தீர்க்கிற பூண்டு, ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இருந்த பெரிய கடைகள் சில, "அகதிக்குக் கடன் கொடுத்தால் எங்கே போய்த் தேடுவது" என்று அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக என் முதலாளி சொல்வார். ஒரு சின்னக் கடைக்காரர் மட்டும் தினக் கணக்கில் கொடுத்தார். காலையில் சரக்கு, இரவு வண்டி மூடியதும் பணம். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அந்தச் சின்னக் கடை, திருப்பி அனுப்பிய கடைகளில் ஒன்றையே விலைக்கு வாங்கியது. நான் வேலைக்கு வந்தபோது அந்தக் கடைப் பெயரைக் காட்டித்தான் எனக்குக் கடன் கணக்குச் சொல்லித் தந்தார்கள்.

இன்று அத்தோ வண்டியின் முன் நிற்கிறவர்களில் பர்மாவைப் படத்திலும் பார்க்காதவர்களே அதிகம். கல்லூரிப் பிள்ளைகள் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் அண்ணாநகரிலிருந்தும் வந்து நிற்கிறார்கள்.

தங்கசாலையில் கலந்தது

சௌகார்பேட்டைக்கு வந்த குஜராத்திகளும் மார்வாடிகளும் முதலில் தங்களுக்காகவே டோக்ளாவும் கச்சோரியும் செய்துகொண்டார்கள். கடலை மாவு என்றால் பஜ்ஜிக்கும் மைசூர்பாகுக்கும் என்று நாம் நினைத்திருந்தபோது, காலைப் பலகாரம் முதல் இரவுச் சாப்பாடு வரை கடலை மாவு தின்கிற குடும்பங்கள் தங்கசாலைத் தெருவில் இருந்தன. வெங்காயமும் பூண்டும் தொடாத ஜைனர்கள் வீட்டில் பெருங்காயம் செலவாகும் கணக்கே வேறு.

அந்தத் தெருவில் இன்று கூட்டம் கூடுவது முறுக்கு சாண்ட்விச் கடை முன்னால். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு. நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. வடக்கே யாருக்கும் இது தெரியாது. தெற்கேயும் தெரியாது. நம் முறுக்கும் அவர்கள் சட்னியும் ஒரே தெருவில் ஐம்பது அறுபது ஆண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் பிறந்த பண்டம். முறுக்கு சுடுகிறவருக்கு மொத்த ஆர்டர் கிடைத்தது, அரிசி மாவு மில்காரருக்கும் கிடைத்தது.

இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். மலையாளிகளின் டீக்கடையும் நேந்திரங்காய் வறுவலும், 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து வளசரவாக்கம் பக்கம் குடியமர்ந்தவர்கள் கேட்ட யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் வறுத்த சிவப்பரிசி மாவும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்த பிறகு கொரியாக்காரர்கள் தேடிய சீன முட்டைக்கோசும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இடம் போதாது. இன்றைய சங்கதிக்கு வருகிறேன்.

கடுகு எண்ணெயில் நான் வழுக்கியது

2011ஆம் ஆண்டு என்று நினைவு. படப்பையிலிருந்து பன்னிரண்டு வருடமாக என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த சில்லறைக் கடைக்காரர், "அண்ணாச்சி, கடுகு எண்ணெய் ரெண்டு பெட்டி போட்டு அனுப்புங்க, கட்டட வேலைப் பசங்க கேக்குறாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். "தம்பி, அது முதுகிலே தேய்க்கிறதுக்கு. இங்கே யார் வாங்குவா? தேங்கிப் போகும்" என்று புத்தி சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சௌகார்பேட்டையில் வேறொருவரிடம் அந்த இரண்டு பெட்டியை வாங்கினார். வண்டி அங்கே போகிறதே என்று பருப்பையும் அங்கேயே ஏற்றினார். ஒரு வருடத்துக்குள் மிளகாய், மல்லி, சர்க்கரை எல்லாம் அங்கே போய்விட்டது. என் பேரேட்டில் அவர் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. இரண்டு பெட்டி எண்ணெயில் நான் விட்டது ஒரு முழுக் கணக்கு.

பிறகு புத்தி வந்து நானும் இறக்கினேன். அதிலும் தப்பு. லாபம் என்று ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கி அடுக்கினேன். வாராவாரம் செலவுக்கு மட்டும் பணம் வாங்கி, மீதியை ஊருக்கு அனுப்புகிறவன் ஒரு லிட்டர் வாங்க மாட்டான்; 200 மில்லி வாங்குவான், மிஞ்சினால் அரை லிட்டர். போதாக்குறைக்கு ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரத் தாமதமாயிற்று. கெடு தேதி முடிந்து பதினேழு பெட்டி திருப்பிப் போனது. உதிரியாக ஊற்றி விற்றுவிடலாமே என்று கடைப் பையன் யோசனை சொன்னான். பொட்டலமிடாத சமையல் எண்ணெய் விற்பது சட்டப்படி கூடாது என்பதை அவனுக்குச் சொல்லி நட்டத்தை ஏற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து நேரே போய்க் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பழைய மகாபலிபுரம் சாலை, அம்பத்தூர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சில்லறைக் கடைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

"வடக்கத்தியான் சப்பாத்திதானே தின்பான்" என்று நம்மில் பலர் கோதுமை மாவை அடுக்குகிறோம். ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம்காரர்கள் நம்மைப்போலச் சோறு உண்பவர்கள். ஜார்க்கண்டுக்காரரும் பெரும்பாலும் அப்படியே. அதிலும் பலருக்குப் புழுங்கலரிசிதான், கொஞ்சம் குண்டாக இருந்தால் இன்னும் பிரியம். அந்த அரிசி நம் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது! பீகார்க்காரர் சோறும் ரொட்டியும் இரண்டும் உண்பார். ஆக, கடைக்கு வருகிறவன் எந்த மாநிலம் என்று தெரியாமல் சரக்கு வாங்கினால் நமக்குத்தான் நட்டம்.

அடுத்தது பெயர். வட இந்தியர் கேட்கும் சரக்கில் முக்கால்வாசி நம்மிடம் உள்ளதே. பெயர்தான் வேறு. மசூர் தால் என்றால் நம் மைசூர்ப் பருப்பு. சூடா, சூரா, சிடே என்று மூன்று மாநிலத்தார் மூன்று விதமாகக் கேட்பது நம் அவல். ஒரு ஒடிசாப் பையன் "முடி" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் சலூன் இருக்கும் திசையைக் காட்டியிருக்கிறார். அவன் கேட்டது பொரி. அவன் தலைக்கு மேலேயே பொரி மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

இதைவிட வேதனையானது சத்து விவகாரம். பீகார்க்காரர்களின் சத்து என்பது கொண்டைக்கடலையை வறுத்து அரைத்த மாவு. உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு வெயிலில் வேலைக்குப் போவார்கள். அடுப்பு வேண்டாம், நேரம் மிச்சம். ஒருவன் வந்து "சத்து, சத்து" என்று கேட்க, நம் கடைப் பெண் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற சத்துமாவு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவன் அதில் உப்பையும் வெங்காயத்தையும் போட்டுக் கலக்கியிருக்கிறான். மறுநாள் டப்பாவோடு வந்து நின்றான். "பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்கமாட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி சரிதான். அவன் அறையில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை என்று கடைக்காரரே என்னிடம் சொன்னார்.

வங்காளிகள் தாளிக்கும் பஞ்ச் போரன் என்பது ஐந்து சாமான்: சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு, கருஞ்சீரகம். முதல் நான்கும் நம் தட்டில் இருக்கின்றன. ஐந்தாவதை நாட்டு மருந்துக் கடையில் விற்றுக்கொண்டிருக்கிறோம். ஐந்தையும் கலந்து 50 கிராம் பொட்டலம் போட்டால் தனித்தனியே விற்பதைவிட நல்ல விலை கிடைக்கிறது. உருளைக்கிழங்கு, வெங்காயம், மீல் மேக்கர் மூன்றும் இவர்கள் இருக்கும் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். சனிக்கிழமை மாலையே இறக்கி வைத்திருக்க வேண்டும். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர்கள் கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் வாங்கி தேக்குவா என்கிற பலகாரம் செய்கிறார்கள். அந்த வாரம் நம் வெல்லம் நகராமல் கிடக்கிற வாரம் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். பாக்குப் பொட்டலம் கேட்கிறார்கள் என்று மறைத்து வைத்து விற்கிறவர்கள் நம்மிடையே உண்டு. குட்காவைத் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. அதற்காகச் சீல் வைத்துத் திறக்க முடியாமல் நின்ற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் நோட்டு

"அவனுக்குக் கடன் கொடுத்தால் ரயிலேறிப் போய்விடுவான்" என்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உண்மையாகவே ரயிலேறினார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபோது அவர்கள் குடியிருந்த தெருக்களே காலியாயின. அம்பத்தூரில் எனக்கு வேண்டிய கடைக்காரர் ஒருவர் நோட்டில் 41 பேர் கணக்கு நின்றது. நட்டம் என்று கோடு போட்டுவிட்டார். அந்த வருடம் தீபாவளிக்கு முன்பிருந்தே ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். 26 பேர் வந்து கொடுத்தார்கள். ஐந்து பேர் ஊரிலிருந்தே செல்போன் மூலம் அனுப்பினார்கள். பத்துப் பேர் வரவே இல்லை. எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே நோட்டில் உள்ளூர்க்காரர் பக்கத்தையும் புரட்டிக் காட்டினார். அது இதைவிட மோசம்.

2023 மார்ச்சில் வேறொரு சோதனை. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழகத்தில் அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. அரசும் காவல்துறையும் அவை பொய் என்று அறிவித்தன. பீகார் அரசும் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. ஆனாலும் அந்த நாட்களில் பலர் பயந்து மூட்டை கட்டினார்கள். ஒரகடத்து அன்பருக்கு நினைவிருக்கும். அந்த வாரம் அவர் எனக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, சரக்கு அனுப்பாதீங்க, தெருவுல ஆளே இல்ல" என்றார். தன் கல்லாவை நிரப்புகிறவர்கள் யார் என்று அன்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். இந்தியக் குடிமகன் எங்கும் குடியிருக்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. தீர்மானம் போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. நின்றாலும் நான் கைதூக்க மாட்டேன். இதே தீர்மானத்தை மும்பையிலும் பெங்களூரிலும் போட்டால் நம் பிள்ளைகள் அங்கே வைத்திருக்கும் கடைகளின் கதி என்ன?

ஆனால் புகாரின் மறு பாதியில் உண்மை உண்டு. பில் இல்லாமல் விற்பது, உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு இல்லாமல் இனிப்பு போடுவது, முத்திரை இல்லாத தராசு வைப்பது, மொத்த விலைக்கு வாங்கும் செல்வாக்கை வைத்துக்கொண்டு பக்கத்துக் கடை மூடும்வரை அடக்க விலைக்கும் கீழே விற்பது, இவற்றை யார் செய்தாலும் சங்கம் கேட்கவேண்டும். அதிகாரிகள் நம் கடையில் மட்டும் சோதனை போட்டு அங்கே போடுவதில்லை என்றால் அதையும் கேட்கவேண்டும். அப்படி ஒரு தீர்மானம் வந்தால் முதல் கை என்னுடையது. அதில் ஊர்ப்பெயர் இருக்கக் கூடாது.

போன ஞாயிறு அந்த அன்பர் கடைக்கும், ராஜஸ்தான்காரர் கடைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே கூட்டம் விலைக்காக மட்டும் இல்லை. கடுகு எண்ணெய் 200 மில்லி, சத்து அரைக் கிலோ, அவல், பொரி, மைசூர்ப் பருப்பு கால் கிலோப் பொட்டலம் எல்லாம் கண்ணுக்கு நேரே, கை நீட்டினால் எடுக்கிற உயரத்தில் இருந்தன. வந்தவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. நம்மவர் கடையில் இவற்றில் எண்ணெயும் சத்தும் தவிர மற்ற எல்லாம் இருந்தன. பின்கட்டில், மூட்டையில். வாசலில் கேட்டவனிடம் பையன் "இல்ல, இல்ல" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கருஞ்சீரகம் ஒரு கிலோ அனுப்பிப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

பையன்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, அவர்கள் வாயில் வழங்கும் சரக்குப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் குறித்து, பக்கத்தில் நம் பெயரையும் எழுதி ஓர் அட்டை தயாரிக்கிறேன். இதுவரை முப்பத்தெட்டுப் பெயர் சேர்ந்திருக்கிறது. அசாம், நேபாளப் பெயர்கள் குறைவு. தங்கள் கடையில் புதிதாக எதையாவது கேட்டு, இல்லையென்று அனுப்பியிருந்தால், அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழோடு அச்சிட்டுத் தரச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.